ஆண்குறியில் தோன்றும் சிறு புடைப்புகள்: திருப்பூர்த் தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

ஆண்குறியிலோ விதைப்பையிலோ ஒரு சிறு புடைப்பைக் காணும் ஆணுக்கு முதலில் எழுவது அச்சம்; அடுத்து எழுவது வெட்கம். மனைவியிடமும் சொல்வதில்லை, உடன் தங்கியிருப்பவரிடமும் சொல்வதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் மருந்துக் கடையில் தயங்கி நின்று, "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்கிச் செல்வதே பலருக்கும் முதல் சிகிச்சையாக அமைகிறது. நாட்டின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கைத் தைத்து அனுப்பும் திருப்பூரில், உள்ளாடை தைக்கும் கைகளுக்குச் சொந்தக்காரர்களே உள்ளாடைக்குள் இருக்கும் தொல்லையைப் பேச முடியாமல் இருக்கிறார்கள்.

இத்தகைய புடைப்புகளில் பல நோயே அல்ல. நோயாக இருப்பவற்றுள் பெரும்பாலானவை எளிதில் குணமாகக் கூடியவை. ஆபத்தானவை சிலவே, அவற்றையும் தொடக்கத்தில் கண்டறிந்தால் தீர்த்துவிடலாம். உண்மையான தீங்கு, மறைப்பதாலும் பெயர் தெரியாத களிம்பைத் தடவுவதாலும் விளைகிறது. இவற்றுள் உங்களுடையது எது என்பதை எப்படி அறிவது, எங்கே சென்று கேட்பது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நோயே அல்லாத புடைப்புகள்

ஆண்குறியின் மொட்டுப் பகுதியைச் சுற்றி, முத்துக் கோத்தாற்போல் ஒரே அளவில், ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரையிலான சிறு முனைகள் வரிசையாகத் தென்படலாம். இவற்றை முத்துப் புடைப்புகள் என்று அழைக்கலாம். ஆய்வைப் பொறுத்து, 100 ஆண்களில் 14 முதல் 48 பேர் வரை இவை காணப்பட்டுள்ளன. இவை தொற்றுவதில்லை, உடலுறவால் வருவதில்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இருபது, முப்பது வயதுகளில் தெளிவாகத் தெரிந்து, வயது ஏற ஏற மங்கும்.

குறியின் தண்டிலும் விதைப்பையிலும் தோலுக்கு அடியில் வெளிர்மஞ்சளாகத் தெரியும் ரவை போன்ற புள்ளிகள், முடியோடு சேராத எண்ணெய்ச் சுரப்பிகளே. இதே புள்ளிகள் உதட்டிலும் இருக்கும். விதைப்பையில் வெண்மையாக, கெட்டியாக, வலியின்றி உருளும் சிறு கட்டிகள் தோல் நீர்க்கட்டிகளாக இருக்கலாம். சீழ்ப்பிடித்தால் மட்டுமே சிகிச்சை வேண்டும். நடுவயதைக் கடந்தவர்களின் விதைப்பையில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தோன்றும் மணிகள், விரிந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். சொறிந்தால் இரத்தம் கசியும், மற்றபடி தீங்கு இல்லை.

திருமணம் நிச்சயமான ஓர் இளைஞர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். மூன்று மாதமாகக் களிம்பு தடவியிருந்தார். இருமுறை ஊசியும் போட்டிருந்தார். திருமணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டார். அவருக்கு இருந்தது முத்துப் புடைப்புகள் மட்டுமே. பரிசோதிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் சுமந்த மூன்று மாத அச்சத்துக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

சிரங்கு: அறையில் வாழும் நோய்

திருப்பூர்ச் சூழலில் முதலில் நினைக்க வேண்டிய நோய் சிரங்கு. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு பூச்சி தோலுக்குள் குழி தோண்டி முட்டையிடுவதால் இது வருகிறது. இரவில் அரிப்பு கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புள் ஆகியவற்றோடு, ஆண்களுக்கு ஆண்குறியிலும் விதைப்பையிலும் பட்டாணியளவு வரை சிவந்த, கடுமையாக அரிக்கும் முடிச்சுகள் தோன்றும். ஆண்குறியில் அரிக்கும் முடிச்சும் விரல் இடுக்கில் பொரியும் சேர்ந்து தெரிந்தால், மருத்துவர் முதலில் எண்ணுவது சிரங்கைத்தான்.

உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சிரங்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. 2017-இல் அந்நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நெடுநேரம் தோலோடு தோல் படுவதால் இது பரவுகிறது. உடலுறவாலும் பரவும், ஆனால் அது மட்டுமே வழி அன்று. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்தும், தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரர் படுக்கிறார். துண்டும் போர்வையும் பொதுவில் புழங்குகின்றன. பூச்சி பரவ இதைவிட ஏற்ற இடம் வேண்டியதில்லை.

இதற்கான மருந்து 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. மருத்துவர் சொன்னபடி, கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, அரிக்காத இடம் உட்பட முழு உடலுக்கும் இரவில் தடவி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை தடவ வேண்டும். சிகிச்சை தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் ஒன்றே: அரிக்கும் ஒருவர் மட்டும் தடவிக்கொள்கிறார், அறையில் மற்றவர்கள் தடவிக்கொள்வதில்லை. முதல்முறை பூச்சி தொற்றியவருக்கு அரிப்பு தோன்ற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆகவே இன்று அரிக்காதவரிடமும் பூச்சி இருக்கலாம். அறையில் உள்ள அனைவரும், ஊரில் மனைவி மக்களோடு அண்மையில் தங்கியிருந்தால் அவர்களும், ஒரே நாளில் தடவிக்கொள்ள வேண்டும். துணிகளையும் போர்வைகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்திருங்கள். உடலை விட்டு விலகிய பூச்சி பொதுவாக அதற்குள் இறந்துவிடும்.

பூச்சி செத்த பிறகும் சில வாரங்கள் அரிப்பும், சில மாதங்கள் வரை குறி முடிச்சுகளும் நீடிக்கலாம். இது மருந்து வேலை செய்யாததன் அடையாளம் அன்று. தோலின் ஒவ்வாமை அடங்க எடுக்கும் காலம். மீண்டும் மீண்டும் தடவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வியர்வை, உராய்வு, மழிப்பு

கோடையில் தகரக் கூரைக்கு அடியில், அயர்ன் மேசையின் நீராவிக்கு அருகில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரின் தொடை இடுக்கு எப்போதும் ஈரமாகவே இருக்கும். இறுக்கமான, நைலான் கலந்த உள்ளாடை அந்த ஈரத்தைப் பூட்டிவைக்கும். மழித்த முடி மீண்டும் முளைக்கும்போது தோலுக்குள் வளைந்து சென்றால், முடிவேரைச் சுற்றிச் சிவந்த, நுனியில் சீழ் கொண்ட பருக்கள் எழும். சாயப்பட்டறையிலும் வெளுப்புப் பிரிவிலும் வேலை செய்வோர் இரசாயனம் பட்ட கையோடு சிறுநீர் கழித்தால் குறியின் தோல் எரிந்து, சிவந்து, பொரியலாம். சிறுநீர் கழித்த பின்பு மட்டுமல்ல, கழிப்பதற்கு முன்பும் கையைக் கழுவுங்கள்.

முன்தோல் அடிக்கடி சிவந்து, வெடித்து, வெண்படலம் படிந்து சிறு பொரிகளோடு வலித்தால் அது காளான் தொற்றாக இருக்கலாம். அது திரும்பத் திரும்ப வருமானால் இரத்தச் சர்க்கரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தமக்கு நீரிழிவு இருப்பதைச் சில ஆண்கள் இந்த வெடிப்பின் வழியாகவே முதன்முதலில் அறிந்துகொள்கிறார்கள்.

கூட்டுக் களிம்பின் தீமை

மருந்துக் கடையில் சீட்டின்றிக் கிடைக்கும் பல களிம்புகளில் காளான் எதிர்ப்பு மருந்து, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, வீரியமிக்க ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். ஆனால் நோயை அழிக்காது. படர்தாமரையின் மேல் தடவினால் சிவப்பு மறையும், காளான் செழிக்கும். சிரங்கின் மேல் தடவினால் பூச்சி பெருகும். நோயின் வடிவமே உருமாறிப்போவதால், பிறகு பார்க்கும் மருத்துவரும் குழம்ப நேரிடும்.

விதைப்பைத் தோல் மிக மெல்லியது. முன்கையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 40 மடங்கு ஸ்டீராய்டை அது உறிஞ்சும் என்பது 1967-இலேயே அளந்து காட்டப்பட்ட உண்மை. தொடர்ந்து தடவினால் தோல் காகிதமாக மெலியும். தொடை இடுக்கில் நிரந்தரமான கோடுகள் விழும். களிம்பை நிறுத்தினால் விதைப்பை சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் தடவத் தோன்றும்.

கடந்த பத்தாண்டுகளில் இந்தியா முழுவதும் படர்தாமரை எளிதில் அடங்காத நோயாக மாறிவிட்டது. வழக்கமான டெர்பினஃபைன் மருந்துக்கு அடிக்கடி அடங்காத ஒரு காளானுக்கு 2020-இல் தனிப் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோபைட்டன் இண்டோடினியே. 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டுக் கூட்டுக் களிம்புகளின் தவறான பயன்பாடு இப்பரவலுக்கு ஒரு முக்கியக் காரணமெனத் தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. விதி இருக்கிறது, கடை மேசையில் அது தளர்கிறது. சீட்டைக் கேட்காமல் தரப்படும் களிம்பை நீங்கள் மறுக்கலாம்.

உடலுறவால் தொற்றுபவை

சிபிலிஸ் எனப்படும் மேகப்புண், சிறு புடைப்பாகத் தொடங்கி, விரைவில் கெட்டியான விளிம்புடைய ஒற்றைப் புண்ணாகும். தொற்றிய 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் தோன்றும். வலிக்காது என்பதுதான் அதன் சூழ்ச்சி. 3 முதல் 6 வாரத்தில் சிகிச்சையின்றித் தானே ஆறியும் விடும். "ஆறிவிட்டது" என்று நீங்கள் நிம்மதி கொள்ளும் நேரத்தில் கிருமி இரத்தத்தில் இருக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக வெளிப்படலாம். ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கருவுற்ற மனைவிக்குத் தொற்றினால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். 2022-இல் உலகில் 80 இலட்சம் பேருக்குப் புதிதாகச் சிபிலிஸ் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. எண்ணிக்கை ஏறுமுகத்தில் இருக்கிறது. தொடக்க நிலையில் இதைத் தீர்க்க, ஒரேயொரு முறை போடப்படும் பென்சத்தீன் பென்சிலின் ஊசி போதும். பொங்கலுக்கோ சட் பண்டிகைக்கோ ஊர் செல்லும் முன் அந்த ஊசியைப் போட்டுக்கொள்வது, பிறக்கப்போகும் குழந்தையைக் காப்பதாகும்.

எரிச்சலும் வலியும் கொண்ட சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழுந்து உடைந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். மாத்திரை அதன் கடுமையைக் குறைக்கும். பிற்காலத்தில் மீண்டும் தோன்றவும் கூடும். காலிஃபிளவர் போன்ற மேற்பரப்புடன் வளரும் மருக்கள் எச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் பெரும்பாலும் வருகின்றன. தொற்றிய பின் மரு தோன்ற மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே இன்று தோன்றிய மருவை வைத்து மனைவியையோ கணவனையோ ஐயுற அது சான்றாகாது. நடுவில் குழியோடு முத்துப்போல் பளபளக்கும் பாலுண்ணியும் ஒரு வைரஸால் வருவதே. மருவின் மேலும் பாலுண்ணியின் மேலும் சுண்ணாம்பு தடவுவது, அமிலம் வைப்பது, குதிரைவால் முடியால் கட்டுவது ஆகியவை ஆறாத புண்ணில் முடியும். மருத்துவமனையில் பூச்சு மருந்து, உறைய வைத்தல், சுடுதல் ஆகிய முறைகளில் இவை அகற்றப்படுகின்றன.

மருவை உண்டாக்கும் அந்த இரு வகைகளையும், புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகைகளையும் தடுக்கும் இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் தடுப்பூசி 2023 ஜனவரியில் வெளியிடப்பட்டது. 9 முதல் 26 வயது வரையிலான ஆண், பெண் இருபாலருக்கும் அதற்கு ஒப்புதல் உண்டு. தொற்றுவதற்கு முன் போட்டுக்கொண்டால் பயன் மிகுதி.

நூலாலை விட்டுச்சென்ற பாடம்

குறிப்பகுதிப் புடைப்பை மறைப்பது எங்கே கொண்டுவிடும் என்பதை நெசவுத் தொழிலின் வரலாறே சொல்கிறது. 1775-இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு, உடலில் படியும் கரியே காரணம் என்றார். தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவம் அறிந்தது அப்போதுதான். பின்னர் இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில், நூற்பு இயந்திரத்தின் கனிம எண்ணெய் கால்சட்டையில் ஊறி உராய்ந்ததால், நூற்பாளர்களுக்கு அதே இடத்தில் மருபோல் தொடங்கிப் புற்றான செய்தியை 1922-இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அங்கே தனி விதிமுறை வந்தது 1953-இல். அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

இன்றைய பின்னல் இயந்திரங்கள் வேறு. அவற்றுக்குரிய சுத்திகரித்த எண்ணெயும் வேறு. அந்த ஆபத்து அப்படியே இங்கு இருக்கிறது என்று அஞ்ச வேண்டாம். ஆனாலும் எண்ணெய் ஊறிய கால்சட்டையை அன்றாடம் மாற்றுவதும், எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகாதிருப்பதும் நல்லது. எண்ணெய் முடிவேர்களை அடைத்துத் தொடையில் பருக்களை உண்டாக்கும். பாடம் இதுதான்: மூன்று வாரத்தில் ஆறாத புண், வளர்ந்துகொண்டே போகும் புடைப்பு, பின்னே தள்ள முடியாத முன்தோலுக்கு அடியில் கட்டி, துர்நாற்றம் அல்லது இரத்தக் கசிவு இருந்தால், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்கள், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஏன் வருவதில்லை?

வெட்கம் ஒரு காரணம், கூலி மற்றொன்று. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் புறநோயாளிப் பிரிவில் கழியும் காலை, இழந்த காலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியதைப் போன்ற நெருக்கடிகளில், கிடைக்கும் ஷிப்டை விட எவரும் துணிவதில்லை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும்; ஞாயிறு ஓய்வு நாளில் திறந்திருப்பது மருந்துக் கடை. மொழி தெரியாதவருக்குத் தயக்கம் இரு மடங்கு.

இந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகிறார்கள். குறிப்பிட்ட தேதியில் லாட்ஜில் முகாமிடுவதாகச் சுவரொட்டி ஒட்டுபவர்கள், முத்துப் புடைப்பைக் காட்டியே ஆயிரக்கணக்கில் பறிப்பார்கள். பால்வினை நோய்களைக் குணமாக்குவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய சுவரொட்டியே, அதை ஒட்டியவரை நம்பக் கூடாது என்பதற்குச் சான்று.

எங்கே செல்லலாம், என்ன நடக்கும்?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், மாலையிலும் இயங்கும் நகர்ப்புற நலவாழ்வு மையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றுள் எதற்கும் செல்லலாம். 2022 முதல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பால்வினைத் தொற்றுகளுக்கான சுகவாழ்வு மையத்திலும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்திலும் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். உங்கள் சம்மதமின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை முதலாளியிடம் சொல்லவும் கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம் இதை உறுதி செய்கிறது.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவராக நீங்கள் இருந்து, உங்கள் நிறுவனம் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருந்தால், உங்கள் சம்பளத்தில் 0.75 விழுக்காடு ஏற்கெனவே பிடிக்கப்படுகிறது. அந்தச் சிகிச்சைக்கு நீங்கள் பணம் கட்டியாயிற்று. அதைப் பெறுவது உங்கள் உரிமை. மருத்துவர் ஓய்வுக்குச் சான்றளித்தால், தகுதியுள்ளோருக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகையும் உண்டு.

மருத்துவர் எப்போது தோன்றியது, அரிக்கிறதா, வலிக்கிறதா, அறையில் வேறு யாருக்கேனும் அரிப்பு உண்டா, என்ன தடவினீர்கள், அண்மையில் உடலுறவு உண்டா என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள்; அது நோயைக் கண்டறியத்தானே தவிர, உங்களைத் தீர்ப்பிட அன்று. தடவிய களிம்பின் குழாயையும் எடுத்து வாருங்கள். பரிசோதனை வரை புடைப்பைக் கிள்ளாதீர்கள், உடைக்காதீர்கள், மழிக்காதீர்கள், உடலுறவைத் தவிருங்கள். தொற்று என உறுதியானால் துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லையேல் அது உங்களிடமே திரும்பும். ஐயங்களுக்கு 1097 அல்லது 104 என்ற கட்டணமில்லா எண்களை அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

நிறுவன உரிமையாளர்களுக்கும் விடுதி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவருக்குச் சிரங்கு என்றால் அவரை அறையிலிருந்து வெளியேற்றாதீர்கள். அறை முழுவதற்கும் ஒரே நாளில் சிகிச்சை கிடைக்க வழி செய்யுங்கள். ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு துண்டு, துணி காய வெயில்படும் கொடி ஆகியவை எந்தக் களிம்பையும்விட மலிவானவை.

உங்கள் உடலில் இன்று ஒரு புடைப்பு இருந்தால், அது ஒன்றுமில்லாததாகவே இருக்கக் கூடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் மருந்துக் கடைக்காரரும் அல்லர், அறை நண்பரும் அல்லர். ஒருமுறை வந்து காட்டுங்கள்.